கஜானாக் கணக்கைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தவர்

1781ஆம் வருஷம் பிப்ரவரி மாதம். பாரிஸ் நகரத்துப் புத்தகக் கடைகளின் வாசலில் ஒரே கூட்டம். பிரபுக்களின் வண்டிகள் ஒருபுறம், வக்கீல் குமாஸ்தாக்களும் கடைக்காரர்களும் மறுபுறம். எல்லாரும் வாங்க வந்தது ஒரு காதல் கதையை அல்ல. நாடகப் புத்தகத்தையும் அல்ல. நீல நிறக் காகிதத்தில் அட்டை போட்ட, நூற்றுச் சொச்சம் பக்கமுள்ள ஒரு கணக்குப் புத்தகத்தை!

ராஜாவுக்கு எவ்வளவு வருமானம், எவ்வளவு செலவு, அரண்மனைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு, ராஜாவின் தம்பிகளுக்கு எவ்வளவு, பிரபுக்களுக்கு மானியமாகப் போவது எவ்வளவு என்று அதில் அச்சிட்டிருந்தது. பிரெஞ்சு தேசத்தில் அதற்கு முன் எந்த மந்திரியும் இப்படிச் செய்ததில்லை. கஜானாக் கணக்கு என்பது ராஜாவின் அந்தரங்கம். பாரிஸில் அதைத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களுக்கும் முழுவதும் தெரியாது.

அந்தப் புத்தகத்தை எழுதி வெளியிட்டவர் ஜாக் நெக்கர். அவர் பிரெஞ்சுக்காரரே அல்ல. பிரபு வம்சத்தில் பிறந்தவரும் அல்ல. ராஜாவின் மதத்தைச் சேர்ந்தவரும் அல்ல.

குமாஸ்தாவாக வந்த பையன்

நெக்கர் பிறந்தது ஜினீவாவில், 1732ஆம் வருஷம் செப்டம்பர் 30ந் தேதி. அந்நாளில் ஜினீவா ஒரு தனிக் குடியரசு. அவருடைய தகப்பனார் ஜெர்மன் நாட்டிலிருந்து வந்து குடியேறி, அங்கே சட்டப் பேராசிரியராக இருந்தவர். குடும்பம் கௌரவமானது, பணம் மட்டும் அதிகம் இல்லை. வயது இருபது ஆவதற்கு முன்பே பையனைப் பாரிஸில் ஒரு ஜினீவாக்காரரின் பாங்கியில் குமாஸ்தாவாகச் சேர்த்துவிட்டார்கள்.

பையன் பேச்சில் சுமார், கணக்கில் புலி. குமாஸ்தா சில வருஷங்களில் கூட்டாளியானார். தெல்லுசோன் என்பவரோடு சேர்ந்து அவர் நடத்திய பாங்கி, பாரிஸில் பெயர் சொன்னால் தெரியும் அளவுக்கு வளர்ந்தது. தானிய வியாபாரத்திலும் சர்க்கார் கடன் பத்திரங்களிலும் பணம் குவிந்தது. அரண்மனை ரகசியங்களை முன்கூட்டித் தெரிந்துகொண்டு சம்பாதித்தார் என்று பிற்காலத்தில் அவருடைய விரோதிகள் சொன்னார்கள். விரோதிகள் என்ன சொல்ல மாட்டார்கள்? முப்பத்தைந்து வயதுக்குள் அவர் பெரிய கோடீசுவரர் என்பது மட்டும் நிச்சயம்.

நம் பக்கத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. புதுச்சேரியைத் தலைமையிடமாக வைத்து இந்தியாவில் வியாபாரம் செய்த பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகிகளில் அவரும் ஒருவராக இருந்தார். 1761ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகு, கம்பெனி நொண்டியடித்துக்கொண்டிருந்தது. 1769ல் அதை மூடிவிடவேண்டும் என்று பேச்சு எழுந்தபோது, கம்பெனிக்காக வாதாடிப் பிரசுரம் எழுதியவர் நெக்கர். கம்பெனி பிழைக்கவில்லை. ஆனால் எண்களை வைத்துக்கொண்டு பொதுஜனங்களிடம் நேராக வாதாடலாம் என்ற பாடத்தை அவர் அப்போதே கற்றுக்கொண்டார்.

1764ல் அவருக்குக் கல்யாணம் நடந்தது. மணமகள் சூஸான் குர்ஷோ, சுவிஸ் கிராமத்துப் பாதிரியார் ஒருவரின் பெண். அழகி, கிரேக்கமும் லத்தீனும் படித்தவள். கல்யாணத்துக்கு முன்பு அவளை ஓர் ஆங்கில வாலிபர் விரும்பினார். ஊர் திரும்பியதும் தகப்பனார் மறுத்துவிடவே, பையன் பெட்டிப்பாம்பாக அடங்கிவிட்டான். அந்தப் பையன்தான் பின்னால் ரோம சாம்ராஜ்யத்தின் வீழ்ச்சியை எழுதி அழியாப் புகழ் பெற்ற எட்வர்ட் கிப்பன்!

நெக்கர் தம்பதிக்கு ஒரே பெண் குழந்தை. ஜெர்மேன் என்று பெயர். மதாம் தெ ஸ்டால் என்ற பெயரில் ஐரோப்பா முழுவதும் பேர் வாங்கி, நெப்போலியனையே எரிச்சல்படுத்திய எழுத்தாளர் இந்தப் பெண்தான்.

சம்பளம் வேண்டாம் என்ற மந்திரி

1774ல் பதினாறாம் லூயி பட்டத்துக்கு வந்தார். வயது இருபது நிரம்பவில்லை. நல்ல மனசு, உறுதி இல்லை. கஜானா காலி. முதலில் துர்கோ என்ற அறிஞரை நிதி நிர்வாகத்துக்கு வைத்தார். இரண்டு வருஷத்தில் அனுப்பிவிட்டார். அமெரிக்காவில் குடியேறியவர்கள் இங்கிலாந்தோடு சண்டை தொடங்கியிருந்தார்கள். பிரான்சும் அதில் இறங்கவேண்டிவரும் என்று தெரிந்தது. சண்டைக்குப் பணம் வேண்டும். கடன் கொடுக்கிறவர்கள் நம்பும் ஆள் ஒருவர் வேண்டும்.

1776 அக்டோபரில் நெக்கரைக் கஜானா டைரக்டராக நியமித்தார்கள். அடுத்த வருஷம் ஜூனில் நிதி இலாகா முழுவதற்கும் டைரக்டர் ஜெனரல் ஆக்கினார்கள். மந்திரி வேலை முழுவதும் அவருக்கு. மந்திரிப் பட்டம் மட்டும் கிடையாது. காரணம், அவர் புராட்டஸ்டண்ட். அந்நாளில் பிரான்சில் புராட்டஸ்டண்டுகளின் கல்யாணத்தைக்கூடச் சட்டம் ஒப்புக்கொள்ளாது. அந்த நிலைமை 1787ல்தான் மாறியது. எனவே தேசத்தின் பணப்பெட்டிச் சாவியை வைத்திருந்தவர், ராஜாவின் ஆலோசனை சபைக்குள் நுழைய முடியாது!

நெக்கர் ஒரு நிபந்தனை போட்டார். சம்பளம் வேண்டாம், வெகுமதியும் வேண்டாம். அரண்மனைக்காரர்கள் சிரித்தார்கள். ஆனால் சிரித்தவர்களுக்குச் சீக்கிரமே வயிற்றைக் கலக்கியது. தானே ஒன்றும் வாங்காதவன், பிறர் வாங்குவதை எண்ணத் தொடங்கிவிடுவான் அல்லவா?

அப்படித்தான் நடந்தது. பிரெஞ்சு தேசத்தில் பென்ஷன் என்றால் உழைத்து ஓய்வு பெற்றவனுக்குக் கொடுக்கும் பணம் என்று மட்டும் பொருள் இல்லை. ராஜாவின் தயவு யார் யாருக்குக் கிடைத்ததோ அவர்களுக்கெல்லாம் பென்ஷன். காயம்பட்ட சிப்பாய்க்கும் உண்டு. ராணியோடு சீட்டாடும் சீமாட்டிக்கும் உண்டு. யுத்த இலாகா ஒரு பென்ஷன் கொடுக்கும், கப்பல் இலாகா ஒன்று கொடுக்கும், அரண்மனை இலாகா இன்னொன்று. ஒவ்வொரு இலாகாவுக்கும் தனிப் பொக்கிஷம், தனிப் பொக்கிஷதார். கெட்டிக்காரப் பிரபு ஒருவர் நான்கு இடத்திலும் கை நீட்டலாம். ஒரு இடத்துக்கு மற்றொன்று தெரியாது. மொத்தம் எவ்வளவு போகிறது என்று ராஜாவாலும் சொல்ல முடியாது.

1778ல் நெக்கர் ஓர் உத்தரவு வாங்கினார். இனிமேல் எல்லாப் பென்ஷனும் ராஜாங்கக் கஜானா ஒன்றிலிருந்துதான் பட்டுவாடா ஆகும். ஒருவர் எத்தனை இடத்தில் வாங்கினாலும் அத்தனையும் ஒரே சாசனத்தில் எழுதப்படவேண்டும். எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதும் அதில் இருக்கவேண்டும். பழைய பென்ஷன்காரர்கள் ஞானஸ்நானச் சான்றைக் கொண்டுவந்து பதிவு செய்துகொள்ளவேண்டும். செத்துப்போனவர் பேரில் உறவினர் பணம் வாங்கிக்கொண்டிருந்தால் இதில் அகப்பட்டுவிடுவார்! புதிய வரி எதுவும் இல்லை, ஒரு பிரபுவின் பென்ஷனையும் வெட்டவில்லை. ஒரே இடத்தில் எழுதச் சொன்னார், அவ்வளவுதான். அதற்கே வெர்ஸேல்ஸ் அரண்மனையில் முணுமுணுப்பு கிளம்பிவிட்டது.

அதோடு நிற்கவில்லை. வரி வசூலை ஏலத்தில் எடுத்துக் கொழுத்துக்கொண்டிருந்த குத்தகைதாரர்களின் தொகையை அறுபதிலிருந்து நாற்பதாகக் குறைத்தார். நேர்முக வரியை வசூலித்த தலைமை அதிகாரிகளை 48லிருந்து 12 ஆக்கினார். ராஜாவின் சமையல்கட்டில் மட்டும் நானூறுக்கு மேற்பட்ட உத்தியோகங்களை ஒழித்தார். ரொட்டி மேற்பார்வைக்கு ஒருவர், திராட்சை மது ஊற்ற ஒருவர் என்று விலை கொடுத்து வாங்கிய உத்தியோகங்கள் இவை. குற்றவாளியிடம் வாக்குமூலம் வாங்கச் சித்திரவதை செய்யும் வழக்கத்தை ராஜா 1780ல் எடுத்ததும், தம் சொந்த நிலங்களில் பண்ணையடிமை முறையை 1779ல் ஒழித்ததும் நெக்கர் காலத்தில்தான்.

மனைவி சும்மா இருக்கவில்லை. அந்நாளில் பாரிஸ் ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலில் நான்கைந்து நோயாளிகளைப் போடுவார்கள். உயிரோடிருப்பவனுக்குப் பக்கத்தில் பிணம் கிடக்கும். மதாம் நெக்கர் 1778ல் ஓர் ஆஸ்பத்திரி ஏற்படுத்தி, ஒருவருக்கு ஒரு கட்டில் என்று வைத்தார். செலவுக் கணக்கையும் வருஷாவருஷம் அச்சிட்டு வெளியிட்டார். வீட்டிலேயே ஒத்திகை நடந்துவிட்டது என்று சொல்லலாம்.

நீலப் புத்தகம்

1778 முதல் பிரான்ஸ் இங்கிலாந்தோடு போரில் இருந்தது. நெக்கர் போருக்காகப் புது வரி போடவில்லை. கடன் வாங்கினார். அவர் பதவியில் இருந்த ஐந்து வருஷங்களில் வாங்கிய கடன் 50 கோடி லிவருக்கு மேல். லிவர் என்பது அந்நாளைய பிரெஞ்சுப் பணம். பாரிஸில் ஒரு கூலிக்காரன் நாள் முழுவதும் உழைத்தால் ஒன்று, ஒன்றரை லிவர் கிடைக்கும்.

கடன் கொடுப்பவர்கள் ஆம்ஸ்டர்டாமிலும் ஜினீவாவிலும் இருந்தார்கள். அவர்களுடைய நாடி நெக்கருக்குத் தெரியும். இங்கிலாந்துக்கு அவர்கள் குறைந்த வட்டிக்குக் கொடுத்தார்கள். பிரான்சுக்கு அதிக வட்டி. பிரான்சு பெரிய தேசம், ஜனத்தொகையும் அதிகம், விளைச்சலும் அதிகம். பிறகு ஏன்? இங்கிலாந்தில் வருஷாவருஷம் வரவு செலவுக் கணக்குப் பார்லிமெண்டுக்கு வருகிறது, அச்சாகிறது. கடன் கொடுத்தவன் வீட்டில் உட்கார்ந்துகொண்டே படித்துப் பார்க்கிறான். பிரான்சில் எல்லாம் இருட்டு. இருட்டு அறைக்குள் பணத்தை வைப்பவன் கூடுதல் வட்டிதான் கேட்பான். இதுதான் நெக்கரின் வாதம்.

ராஜாவின் சம்மதத்தோடு, ராஜாவுக்குச் சமர்ப்பிக்கும் அறிக்கை என்ற பெயரில் புத்தகம் வெளிவந்தது. ராஜாங்க அச்சகத்திலேயே அச்சடித்தார்கள். பல்லாயிரக்கணக்கில் விற்றது. ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் மொழிபெயர்த்தார்கள்.

கஜானாவுக்கு வந்து சேரும் சாதாரண வருமானம் 26 கோடியே 41 லட்சம் லிவர். சாதாரணச் செலவு 25 கோடியே 39 லட்சம். மிச்சம் ஒரு கோடியே இரண்டு லட்சம். இது கடன்காரர்களுக்காக எழுதியது. பொதுஜனங்கள் பார்த்தது வேறு வரியை. பென்ஷன்கள்: 2 கோடியே 80 லட்சம்! செலவில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். ஐரோப்பாவிலுள்ள மற்ற ராஜாக்கள் எல்லாரும் சேர்ந்து கொடுக்கும் பென்ஷன் இதில் பாதியாவது இருக்குமா என்பது சந்தேகம் என்று நெக்கர் எழுதியிருந்தார். உப்பு வரிக்கு ஒரு வர்ணப் படமும் வைத்திருந்தார். ஆற்றுக்கு இந்தப் பக்கம் உப்பு ஒரு விலை, அந்தப் பக்கம் அதைப்போலப் பல மடங்கு விலை என்பதை எழுதப் படிக்கத் தெரியாதவனும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

தம் மனைவியின் தருமங்களையும் நெக்கர் அந்த ராஜாங்க அறிக்கையில் புகழ்ந்து எழுதியிருந்தார். பாரிஸ் நகரமே இதைச் சொல்லிச் சிரித்தது. மனைவியிடத்தில் அவருக்கு அத்தனை பிரியம். தம்மிடத்திலும் கொஞ்சம் அதிகப் பிரியந்தான்.

கிழட்டு மந்திரி மொரெப்பா ஒரு வேடிக்கை செய்தார். பிரெஞ்சு மொழியில் கட்டுக்கதையை நீலக்கதை என்று சொல்வதுண்டு. புத்தகத்தின் அட்டையும் நீலமாகப் போயிற்றே! அந்த நீலக்கதையைப் படித்தீர்களா என்று பார்ப்பவர்களையெல்லாம் விசாரிக்கத் தொடங்கினார்.

மொரெப்பா சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. போர்ச் செலவு அசாதாரணச் செலவு என்று அந்தப் பட்டியலில் சேரவில்லை. சாதாரண வரவு செலவு மட்டுமே அதில் இருந்தது. வீட்டுச் செலவை எழுதிவிட்டு, வழக்குச் செலவை எழுதாமல் விட்டதுபோல. கடனுக்கு வட்டி கட்டச் சாதாரண வருமானம் போதுமா என்பதைத்தான் காட்ட வந்தேன் என்பது நெக்கரின் சமாதானம். சரித்திர ஆசிரியர்கள் இன்றும் இதுபற்றி இரண்டு கட்சியாக இருக்கிறார்கள். திறந்த கணக்கென்று பேர் பெற்ற புத்தகத்திலேயே ஒரு கதவு மூடியிருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

எதிரிகள் திரண்டார்கள். அந்நிய நாட்டு மந்திரி வெர்ஜென், ராஜாவுக்கு ரகசியமாக ஒரு கடிதம் எழுதினார். கணக்கை ஜனங்களிடம் காட்டுவது இங்கிலாந்து வழக்கம், ராஜாவே எல்லாமாக இருக்கும் நாட்டுக்கு அது ஒத்துவராது, இன்று கணக்கைப் பார்ப்பவன் நாளை கேள்வி கேட்பான் என்பது அதன் சாரம். அதே சமயத்தில் தமக்கு மந்திரி சபையில் இடம் வேண்டும் என்று நெக்கர் கேட்டார். கிடைக்கவில்லை. 1781 மே 19ந் தேதி ராஜிநாமா செய்தார். நீலப் புத்தகம் வெளிவந்து சரியாக மூன்று மாதம்.

போனவர் திரும்பி வந்தார்

ஏழு வருஷம் வெளியே இருந்தார். ஜினீவா ஏரிக்கரையில் கொப்பே என்ற இடத்தில் மாளிகை வாங்கினார். பிரான்சின் நிதி நிர்வாகத்தைப் பற்றி 1784ல் மூன்று பாகத்தில் புத்தகம் எழுதினார். அதுவும் சக்கைப்போடு போட்டது.

அவருக்குப் பின் வந்தவர்களில் கலோன் என்பவர் கை தாராளமானவர். அரண்மனையில் கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லாதவர். 1787ல் அவரே பிரபுக்களின் சபையைக் கூட்டி, வருஷத்துக்கு 10 கோடிக்கு மேல் துண்டு விழுகிறது என்று சொல்லவேண்டிவந்தது. பழியைப் பழைய மந்திரி மேல் போட்டார். நீலப் புத்தகக் கணக்கே பொய் என்றார். நெக்கர் பதில் அச்சிட்டு வெளியிட்டார். ராஜாவின் அனுமதியில்லாமல் வெளியிட்டதற்காக அவரைப் பாரிஸை விட்டு வெளியேறச் சொன்னார்கள். கலோனுக்கும் அந்த வாரத்திலேயே சீட்டுக் கிழிந்தது!

1788 ஆகஸ்டில் கஜானாவில் காசே இல்லை. நெக்கரைக் கூப்பிடுவதைத் தவிர ராஜாவுக்கு வழியில்லை. அவர் வந்த செய்தி கேட்டதுமே கடன் பத்திரங்களின் விலை ஏறியது. அவருடைய சொந்தப் பணம் 20 லட்சம் லிவருக்கு மேல் கஜானாவில் இருந்தது. அதை அவர் எடுக்கவில்லை. விளைச்சல் பொய்த்துப் பாரிஸில் ரொட்டிக்குத் திண்டாட்டம் வந்தபோது, ஆம்ஸ்டர்டாம் வியாபாரிகளிடம் தானியம் வாங்குவதற்கு அந்தப் பணத்தையே ஈடு காட்டினார்.

1789 மே 5ந் தேதி, 175 வருஷமாகக் கூடாமலிருந்த ஜனப்பிரதிநிதி சபை வெர்ஸேல்ஸில் கூடியது. நெக்கர் மூன்று மணி நேரம் கணக்கு வாசித்தார். பாதியில் தொண்டை கட்டிப்போய் வேறொருவரை வாசிக்கச் சொன்னார். துண்டு விழுவது 5 கோடியே 60 லட்சம் என்றார். வந்திருந்தவர்கள் எதிர்பார்த்தது எண்கள் அல்ல. வழி சொல்வார் என்று காத்திருந்தார்கள். அவர் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

ஆனாலும் ஜனங்களுக்கு அவர்தான் தெய்வம். ஜூலை 11ந் தேதி அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ராஜாவின் கடிதம் வந்தது: சத்தம் போடாமல் தேசத்தை விட்டுப் போய்விடவேண்டும். கடிதத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, விருந்தாளிகளோடு பேசிச் சாப்பிட்டு முடித்தார். பிறகு காற்று வாங்கப் போவதுபோல மனைவியோடு வண்டி ஏறினார். பெற்ற மகளுக்குக்கூடச் சொல்லவில்லை. வண்டி நேராக எல்லைக்குப் போயிற்று.

மறுநாள் செய்தி பரவியதும் பாரிஸ் கொதித்தது. கூர்த்தியஸ் என்பவருடைய மெழுகுப் பொம்மைக் காட்சிச்சாலையிலிருந்து நெக்கரின் தலையுருவத்தை எடுத்து, கறுப்புத் துணி போட்டு ஊர்வலம் விட்டார்கள். லண்டனில் மெழுகுப் பொம்மைச் சாலை வைத்த மதாம் துஸ்ஸோ, இந்தக் கூர்த்தியஸிடம் தொழில் பழகியவர்தான். 14ந் தேதி பாஸ்டீல் கோட்டை விழுந்தது. 16ந் தேதி ராஜா நெக்கரைத் திரும்ப அழைத்தார்.

அழைப்புக் கிடைத்தபோது நெக்கர் ஸ்விட்ஸர்லாந்தில் பாஸெல் நகரத்தில் இருந்தார். பாஸ்டீல் விழுந்த சேதியை அவருக்குச் சொன்னது யார் தெரியுமா? ராணி மேரி அன்டாய்னெட்டின் உயிர்த் தோழி போலிஞாக் சீமாட்டி. பென்ஷன் மழையில் வருஷாவருஷம் நனைந்த குடும்பம் அவளுடையது. பாரிஸிலிருந்து உயிர் தப்பி ஓடிவந்து, அதே ஊரில் இறங்கியிருந்தாள். அவள் வெளியே போகிறாள், அவர் உள்ளே வருகிறார்!

சிவப்புப் புத்தகம்

நெக்கரின் வாழ்க்கையில் மிக விசித்திரமான அத்தியாயம் இனிமேல்தான். ஆகஸ்டில் தேசீய சபை மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. தாங்கள் கொடுக்கும் வரி எதற்குச் செலவாகிறது என்று பார்க்க ஜனங்களுக்கு உரிமை உண்டு. எந்த அதிகாரியிடமும் கணக்குக் கேட்கலாம் என்று அதில் விதித்தார்கள். வெர்ஜென் பயந்தது பலித்துவிட்டது. சபை ஒரு பென்ஷன் கமிட்டியும் வைத்தது. காமு என்ற வக்கீல் அதில் முக்கியமானவர். பிடித்தால் விடாத மனிதர். யார் யாருக்கு எவ்வளவு என்று பேர் போட்டுப் பட்டியல் அச்சாகத் தொடங்கியது. நீலப் புத்தகத்தில் மொத்தத் தொகை மட்டும் இருந்தது; இதில் ஆள் பேர் இருந்தது.

அப்போது ஒரு சிவப்புப் புத்தகத்தைப் பற்றிப் பேச்சு அடிபட்டது. ராஜாவின் ரகசியச் செலவுகள் அதில் எழுதியிருக்கின்றன என்றார்கள். காரணம் சொல்லாமல் ராஜாவின் கையெழுத்தை மட்டும் காட்டிக் கஜானாவில் பணம் வாங்கும் வழக்கம் ஒன்று இருந்தது. தணிக்கை அதிகாரிகள் அதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. கமிட்டி அந்தப் புத்தகத்தைக் கேட்டது. கொடுக்கவேண்டியவர் நெக்கர்.

நீலப் புத்தகத்தை வெளியிட்ட நெக்கர், சிவப்புப் புத்தகத்தைக் காட்டத் தயங்கினார்! ராஜாவின் அந்தரங்கம் என்றார், நாள் கடத்தினார். மாதக்கணக்கில் கேட்டுக் கேட்டு, 1790 மார்ச் 15ந் தேதி நெக்கரின் முன்னிலையில் கமிட்டியார் அதைப் பார்த்தார்கள். சிவப்புத் தோல் அட்டை. 122 தாள். ஹாலந்து தேசத்துக் காகிதம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தாய்நாட்டுக்காகவும் சுதந்திரத்துக்காகவும் என்ற பொருளில் லத்தீன் வாசகம் தெரியும். காகித வியாபாரியின் முத்திரை அது. அரண்மனையில் யாரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லைபோலும்.

முதல் பத்துத் தாள்கள் முந்தின ராஜா காலத்தவை. பாட்டனாரின் செலவைப் பேரன் காட்ட விரும்பவில்லை. அந்தப் பகுதியைக் காகிதப் பட்டையால் கட்டி முத்திரை வைத்திருந்தார்கள். கமிட்டியாரும் மரியாதைக்கு அதைத் தொடவில்லை. அதற்குப் பின் முப்பத்திரண்டு தாள்களில் பதினாறாம் லூயியின் கணக்கு. மீதி வெள்ளைத்தாள். 1774 முதல் 1789 வரை மொத்தம் 22 கோடியே 79 லட்சத்துச் சொச்சம் லிவர். பெரும்பகுதி, அதாவது 13 கோடியே 58 லட்சம், அந்நிய நாட்டு இலாகாவின் ரகசியச் செலவு. ராஜாவின் இரண்டு தம்பிகளுக்கு 2 கோடியே 83 லட்சம். இனாம்களும் வெகுமதிகளும் 61 லட்சத்துக்கு மேல். ஏழைகளுக்குத் தருமம், பதினைந்து வருஷத்துக்கும் சேர்த்து, 2 லட்சத்து 54 ஆயிரம்!

ஏப்ரலில் கமிட்டி இதை அச்சிட்டு வெளியிட்டுவிட்டது. ராஜாவைக் கேட்காமல், தம்மையும் கேட்காமல் எப்படி வெளியிடலாம் என்று நெக்கர் ஆட்சேபித்தார். ஒரு கண்டனப் பிரசுரமும் எழுதினார். இத்தனை வருஷம் போருக்கும் அரண்மனைக்கும் ஆன செலவில் இது ஒரு சிறு பகுதி, பெரிதுபடுத்துகிறார்கள் என்பது அவர் வாதம். கணக்கைப் பொறுத்தவரை அவர் சொன்னது தப்பில்லை. நெக்கரின் காலத்தில் எழுதிய தொகைகளில் அவர் காசு தின்றார் என்று சொல்ல விரோதிகளாலும் முடியவில்லை. ஆனால் ரொட்டிக்குக் கியூவில் நின்ற பாரிஸ் ஜனங்கள், தம்பிகளின் வரியையும் தருமத்தின் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மறைக்கப் பார்த்தவர் நெக்கர் என்பதையும் பார்த்தார்கள். கணக்கைத் திறந்து காட்டியவர் என்று தலையில் வைத்துக்கொண்டாடிய ஊர், ஒன்பது வருஷத்தில் அவரைக் கணக்கை மூடுகிறவர் என்று சொல்லிற்று.

எவ்வளவு காட்டலாம் என்பதை மந்திரியே தீர்மானிக்கலாம் என்று அவர் எண்ணியிருந்தார். காட்டத் தொடங்கிய பிறகு அந்தத் தீர்மானம் அவர் கையில் இல்லை.

அந்த ஆகஸ்டில் பென்ஷன் சட்டம் வந்தது. தேசத்துக்கு ஊழியம் செய்தவனுக்குத்தான் பென்ஷன். முப்பது வருஷ சேவை வேண்டும், ஐம்பது வயது ஆகியிருக்கவேண்டும் என்று விதித்தார்கள். 1778ல் நெக்கர் தொடங்கிய காரியந்தான் அது. அதைப் பாராட்டக்கூட அவரை யாரும் கூப்பிடவில்லை. சர்ச்சு நிலங்களை ஈடாக வைத்துச் சபை காகிதப் பணம் அச்சிட்டுத் தள்ளியது. வேண்டாம் என்றார், கேட்பாரில்லை. 1790 செப்டம்பர் தொடக்கத்தில் ராஜிநாமாக் கொடுத்தார். ஊரில் ஒரு சலசலப்பும் இல்லை. போகிற வழியில் ஆர்ஸி என்ற சிற்றூரில் அவரைத் தடுத்து நிறுத்திக் காவலில் வைத்துவிட்டார்கள். சபை உத்தரவு அனுப்பிய பிறகே விட்டார்கள். பதினான்கு மாதத்துக்கு முன் இதே தேசத்துக்குள் அவருடைய வண்டி திரும்பி வந்தபோது, வழிநெடுக ஜனங்கள் நின்று வாழ்த்தியிருந்தார்கள்.

கொப்பே மாளிகையில் கடைசி நாட்கள். 1793ல் பதினாறாம் லூயிக்குத் தலை போயிற்று. நெக்கரின் பிரெஞ்சுச் சொத்துக்களைப் பறிமுதல் செய்தார்கள். 1794ல் மனைவி இறந்தார். தம்மை மண்ணில் புதைக்கக்கூடாது என்று அந்த அம்மாள் கேட்டிருந்தபடி, தோட்டத்தில் கல்மண்டபம் கட்டிச் சாராயத் தொட்டியில் உடலை வைத்தார்கள். 1804 ஏப்ரல் 9ந் தேதி நெக்கர் காலமானார். அவரையும் அதே மண்டபத்தில் மனைவிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மதாம் நெக்கர் தொடங்கிய ஆஸ்பத்திரி பாரிஸில் இன்றும் அவர் பெயரோடு, குழந்தைகள் ஆஸ்பத்திரியாக நடந்துவருகிறது.

கஜானாவில் நெக்கர் விட்டுவந்த 20 லட்சம் இருந்ததல்லவா? புரட்சி சர்க்கார் கொடுக்கவில்லை. நெப்போலியன் கொடுக்கவில்லை. மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் 1815ல் பதினெட்டாம் லூயிதான் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டார். சிவப்புப் புத்தகத்தில் 2 கோடியே 83 லட்சம் வாங்கியதாக எழுதியிருந்த இரண்டு தம்பிகளில் மூத்தவர் அவர். பணம் வந்ததும், 1816ல், நெக்கரின் பேத்தி அல்பெர்தீனுக்குக் கல்யாணம் நடந்தது. அவளுக்குச் சீதனமாகப் போனது அந்தப் பணந்தான்.